குளிர்ச்சட்டையும் கல்யாண மாலையும்

உடம்பில் சூடு ஏறினால் எனக்குக் கண் மங்கும். இருட்டிக்கொண்டு வராது, தலை சுற்றாது. முதலில் எழுத்துகள் போகும். பேருந்தின் எண், கடைகளின் பெயர்ப்பலகை, எதிரே வருபவரின் சட்டையில் அச்சடித்திருக்கும் வாசகம். பிறகு விளிம்புகள் போகும். கடைசியில் நிறங்கள் மட்டும் மிஞ்சும். ஒன்றுக்குள் ஒன்று கசிந்து, மழை நாளில் காரின் கண்ணாடி வழியாகத் தெரியும் தெருவைப் போல எல்லாம் வழிந்துகொண்டிருக்கும். அதோடு இடது காலும் கனத்துவிடும், இடுப்பளவு தண்ணீரில் நடப்பதுபோல.

இது முதன்முதலில் வந்தபோது நான் நகரின் ஓரத்தில், கிராஞ்சியில் ஓர் ஆர்க்கிட் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நிழல்வலைக்குக் கீழே வரிசை வரிசையாகத் தொட்டிகள். மத்தியான நேரம். தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குச் செடிகள் தெரியவில்லை. ஊதா நிறம் மட்டும் காம்பில்லாமல், இலையில்லாமல் காற்றில் நின்றது. பயப்படுவதற்கு முன்னால், எவ்வளவு அழகாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் குழாய் கையிலிருந்து விழுந்தது.

மருத்துவர் என்னைவிட இளையவர். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்று நோயின் பெயரைச் சொல்லிவிட்டு, நான் அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்க்கும்வரை காத்திருந்தார். மின்கம்பிக்கு மேலே ரப்பர் உறை இருப்பதுபோல நரம்புக்கும் ஓர் உறை உண்டாம். எனக்கு அது அங்கங்கே தேய்ந்திருக்கிறது. உடம்பு சூடானால் தேய்ந்த இடத்தில் செய்தி தடுமாறும். ஆறினால் பார்வை திரும்பிவிடும். "இந்தச் சூட்டால் புதிதாக எதுவும் கெட்டுப்போகாது, ஆனால் சாலையைக் கடக்கும்போது மங்கினால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்.

தோட்ட வேலையை விட்டேன். புக்கிட் மேராவில் எங்கள் வீடு உயரத்தில் இருக்கிறது. படுக்கையறையில் ஏர்கான் எந்நேரமும் ஓடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெயில் வெள்ளையாக நிற்கும். நான் மீன்தொட்டிக்குள் இருக்கும் மீன்போல இந்தப் பக்கம். வெளியே போவதென்றால் எம்ஆர்டி ரயில், அதிலிருந்து ஒரு கடைத்தொகுதி, அதன் அடித்தளத்திலிருந்து இன்னொன்று. வெயில் மேலே படாமலேயே இந்த நகரத்தில் வெகுதூரம் போய்வரலாம். அப்படிப் போய்வந்த மாதங்களை இப்போது நினைத்தால் ஒரே நீண்ட பிற்பகல் தூக்கம்போல இருக்கிறது. எல்லா இடமும் ஒரே குளிர், ஒரே வெளிச்சம்.

ஆனால் லிட்டில் இந்தியாவுக்கு அப்படிப் போக முடியாது. சிராங்கூன் ரோட்டில் கடைகளின் முன்னால் இருக்கும் நடைபாதை திறந்தவெளி. சாம்பிராணியும் காய்கறியும் வறுத்த மிளகாயும் கலந்த காற்று அங்கே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பொழுது சாய்ந்தபின் அவர் டாக்ஸியில் கூட்டிப்போவார், ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்து அப்படியே திரும்பிவருவோம். எனக்கு அந்தத் தெருவின் மத்தியானம் வேண்டியிருந்தது. இதை ஒருவரிடம் சொல்லிப் புரியவைப்பது கடினம். வெயிலுக்கு எல்லோரும் ஓடி ஒளியும் ஊரில், வெயிலுக்காக ஏங்குகிறேன் என்று எப்படிச் சொல்வது?

அவர் என்று நான் சொல்வது என் கணவரை. கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது கையில் ஓர் அட்டைப்பெட்டி.

"இத போட்டுப் பாரு."

கருநீலத்தில் கையில்லாத சட்டை. முன்னாலும் பின்னாலும் பைகள். பைகளுக்குள் செருக, தட்டையான பொட்டலங்கள். கண்ணாடிபோன்ற உறைக்குள் வெள்ளையாக ஏதோ இருந்தது, குளிர்காலத்தில் உறைந்த தேங்காயெண்ணெய்போல.

"ஐஸா?"

"ஐஸ் இல்ல. ஐஸ் உடம்புல குத்தும். இது ஃபிரிட்ஜ்ல வெச்சாலே கெட்டியாயிடும். மேல போட்டுக்கிட்டா கொஞ்சம் கொஞ்சமா உருகும். உருகுற வரைக்கும் ஒரே அளவு குளிர்ச்சிதான். எங்க யார்டுல டேங்க் உள்ள இறங்கி வெல்டிங் பண்றவங்களுக்குக் குடுத்துப் பார்த்தாங்க. எனக்கு உடனே உன் நினைப்புதான்."

மறுநாள் அவருக்கு விடுமுறை. சரியான மத்தியானத்தில் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே, பொது நடைவழியில் போய் நின்றேன். வெயில் காலடிவரை வந்திருந்தது. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு, குளித்துவிட்டு வந்த யாரோ பின்னாலிருந்து கட்டிப்பிடித்திருப்பதுபோல இருந்தது. அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"எதிர் பிளாக் நம்பர் என்ன?"

சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும் சொன்னேன். நிறுத்தாமல் மேலும் படித்தேன். கீழே நின்ற லாரியின் பக்கவாட்டில் எழுதியிருந்தது, மூங்கில் கழிகளில் காய்ந்த துணிகளில் எதில் பூப்போட்டிருக்கிறது, எதில் கட்டம் போட்டிருக்கிறது, எவர் வீட்டுச் சன்னலில் பூனை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனார். அவர் முகம் கழுவி முடிக்க வெகுநேரமானது.

அதற்கடுத்த வாரம் யாரிடமும் சொல்லாமல் தனியாக லிட்டில் இந்தியா போனேன். சட்டைக்கு மேலே தளர்வான மெல்லிய மேலங்கி, பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் குண்டாகத் தெரிவேன், அவ்வளவுதான். நிலையத்தின் படியேறி வெளிச்சத்துக்குள் வந்தேன். ஒவ்வொரு கடையாக நின்றேன். எழுத்துகள் எல்லாம் அதது இருக்கும் இடத்தில் இருந்தன. வாழைப்பூவின் சிவப்பு வாழைப்பூவுக்குள்ளேயே இருந்தது. தங்கக் கடையின் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, சிரித்துக்கொண்டிருந்தது.

சட்டை நெடுநேரம் தாங்கும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தார்கள். அது எந்த ஊர் வெயிலை வைத்துச் சொன்னதோ. காய்கறிக் கடைகளைத் தாண்டும்போதே பொட்டலங்கள் குழைந்து வயிற்றில் வெதுவெதுப்பாகத் தொங்கின. நான் கவனிக்கவில்லை. ஒரு பெயர்ப்பலகையைப் படிக்கப் போனேன். அதில் எழுத்து இல்லை. திரும்பினேன், எந்தப் பலகையிலும் இல்லை. சுவர்களின் மஞ்சள் தரையில் வழிந்தது. மனிதர்கள் நிறத்தூண்களாக நகர்ந்தார்கள். காரின் ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று புரியவில்லை. கையை நீட்டினேன். ஈரமாக, மென்மையாக ஏதோ பட்டது. தொங்கவிட்டிருந்த மாலை.

"ஏம்மா, என்ன ஆச்சு? மயக்கமா? உக்காருங்க லா, இங்க உக்காருங்க."

ஒரு பெண்ணின் குரல். என் தோளைப் பிடித்து அழுத்தி ஒரு முக்காலியில் உட்காரவைத்தார். வாளித் தண்ணீரில் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டார். தண்ணீரில் ரோஜாக் காம்பின் பச்சை வாசனை.

"மயக்கம் இல்லக்கா. எனக்குச் சூடானா கண்ணு தெரியாது. ஆறினா சரியாயிடும். உங்க கடையில ஃபிரிட்ஜ் இருக்கா?"

"பூ வெக்கிற ஃபிரிட்ஜ் இருக்கு. குடிக்க ஏதும் இல்லையே."

மேலங்கியைத் திறந்து பொட்டலங்களை உருவிக் கொடுத்தேன். வேறொருவராக இருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார். அவர் கேட்கவில்லை. கண்ணாடிக் கதவு திறக்கும் ஓசை, மாலைகளை ஒதுக்கும் சலசலப்பு, கதவு மூடும் ஓசை. பிறகு எனக்கெதிரே உட்கார்ந்து தன் வேலையைத் தொடர்ந்தார்.

என் முன்னால் ஒரு வெள்ளை அசைந்துகொண்டிருந்தது. காற்றாடியின் காற்று முகத்தில் பட்டது. அந்த வெள்ளை மெல்ல மெல்லப் பிரிந்து மொட்டுகளாகியது. பிறகு நூல் தெரிந்தது. நூலைச் சுற்றும் விரல்கள், விரல் நகத்தின் மஞ்சள் கறை. கடைசியாக அவர் முகம். ஐம்பதைத் தாண்டிய வட்ட முகம், மூக்குக் கண்ணாடி மூக்கின் நுனியில். என்னைப் பார்க்காமலேயே, "தெரியுதா இப்போ?" என்றார்.

"தெரியுதுக்கா."

"என்ன தெரியுது?"

"நீங்க கட்டுற மல்லி."

"அது போதும் லா," என்றார்.

பொட்டலங்கள் கெட்டியாகும்வரை அங்கேயே இருந்தேன். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், கணவர் இறந்தபின் கடையைத் தனியாக நடத்துகிறார், மல்லிகை விமானத்தில் வருகிறது என்பதெல்லாம் அப்போது தெரிந்துகொண்டேன். திரும்பும்போது சட்டை முழுதும் மல்லிகை வாசனை. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனப் பாட்டியம்மா இரண்டு முறை மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, என்ன அத்தர் பூசியிருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அதன் பிறகு வாரத்தில் சில நாள் அங்கே போவது வழக்கமானது. தெருவைச் சுற்றிவிட்டு, சட்டை குழையும்போது கடைக்கு வந்துவிடுவேன். ஃபிரிட்ஜின் அடித்தட்டை அக்கா எனக்கென்று காலிசெய்து வைத்திருந்தார். பொட்டலங்கள் அங்கே உறைய, நான் முக்காலியில் உட்கார்ந்து ரோஜா இதழ் உதிர்ப்பேன், நூல் வெட்டிக்கொடுப்பேன். சில சமயம் சும்மா இருப்பேன். காற்றாடி ஒருபக்கமிருந்து மறுபக்கம் தலையைத் திருப்பும், வாங்க வருபவர்கள் வருவார்கள், போவார்கள். பேசிக்கொண்டே இருக்கும்போது எப்போது பேச்சு நின்றது என்று இருவருக்கும் தெரியாது.

ஒருநாள் காலை போனபோது அந்த வரிசைக் கடைகள் எல்லாம் இருட்டாக இருந்தன. விடியலிலேயே மின்சாரம் போய்விட்டதாம். மின்பணியாளர்கள் பின்கட்டில் ஏதோ பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். கடைக்குள் காற்றாடி இல்லை. அக்காவின் ரவிக்கை முதுகு முழுதும் நனைந்திருந்தது. ஃபிரிட்ஜின் கண்ணாடிக்குள் ஒரு ஜோடிக் கல்யாண மாலை. நெருக்கமாகக் கட்டிய மல்லிகை மொட்டு, இடையிடையே சிவப்பு ரோஜா. சைனாடவுன் மாரியம்மன் கோயிலில் அன்று கல்யாணம்.

"உள்ள கை வெச்சுப் பாருங்க, அடுப்பு மாதிரி இருக்கு," என்றார் அக்கா. "மொட்டு வாயத் தொறக்க ஆரம்பிச்சிடுச்சு. இப்படியே இருந்தா கல்யாணத்துக்குள்ள பழுப்பாயிடும்."

"மீன் கடையில ஐஸ் வாங்கலாமாக்கா?"

"தண்ணி பட்டா மல்லி கருத்துடும்மா. ஐஸ் ஆகாது."

இருவரும் மாலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்கு முதுகில் சில்லென்று இருந்தது. அன்று காலைதான் புதிதாக உறையவைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். மேலங்கியைக் கழற்றினேன். சுடிதார்மேல் போட்டிருந்த குளிர்ச்சட்டையைக் கழற்றினேன்.

"இத வைங்க."

"பைத்தியமா? உங்களுக்கு?"

"நான் அந்தப் பக்கம் ஏர்கான் கடையில போய் உக்காந்துக்கறேன். எனக்கென்ன."

தெர்மோகோல் பெட்டியில் அடியில் வாழையிலை விரித்து, மாலைகளைச் சுருட்டிவைத்து, மெல்லிய துணி மூடி, சுற்றிலும் என் சட்டையைப் போர்த்தினோம். குழந்தைக்கு உடுத்துவதுபோல அக்கா அதன் பட்டைகளை இழுத்து ஒட்டினார். மூடியைப் போட்டுவிட்டு இருவரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்குமுன் தொலைபேசி. மாலைகளைக் கொண்டுபோக வேண்டிய அக்காவின் தம்பி, விமான நிலையத்தில் சரக்கு எடுக்கப் போனவர், அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறார். பெண் வீட்டிலிருந்து இன்னொரு அழைப்பு, மாலை எங்கே என்று. கடையில் மின்பணியாளர்கள், வாசலில் வாடிக்கையாளர்கள். அக்கா ஒரு கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போறேன்கா."

"நீங்களா? சட்டையும் இல்லாமயா? வேணாம்மா."

"டாக்ஸியில ஏர்கான் இருக்குமே. கடையிலேர்ந்து டாக்ஸி, டாக்ஸியிலேர்ந்து கோயில். அவ்வளவுதானே."

டாக்ஸியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். உள்ளிருந்து மல்லிகை வாசனை மெலிதாக வந்தது. கண்ணாடிக்கு வெளியே நகரம் சத்தமில்லாமல் ஓடியது. மரங்கள், நடைபாலங்கள், மீண்டும் மரங்கள். என்னிடம் யாரும் எதையும் நம்பிக் கொடுத்தனுப்பி வெகுகாலமாகியிருந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஏதோ பள்ளம் தோண்டி ஒரு பக்கத்தை அடைத்திருந்தார்கள். ஓட்டுநர் அங்கிள் முன்னாலேயே ஓரம்கட்டினார். இதற்குமேல் போனால் நெரிசலில் நின்றுவிடுவோம், அதோ கோயில் தெரிகிறது பார், நடந்தால் சீக்கிரம் போய்விடலாம் என்றார். எனக்கும் கோபுரம் தெரிந்தது. ஒவ்வொரு பொம்மையும் தனித்தனியாகத் தெரிந்தது. இறங்கினேன்.

பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கலாம்தான். ஆனால் போர்த்திய மாலைகளைக் கலைக்க மனம் வரவில்லை. கொஞ்ச தூரம்தானே.

கோபுரத்தின் பொம்மைகள்தான் முதலில் கரைந்தன. பிறகு கோபுரமே வண்ண மேகம்போல மேலே எழும்பி நின்றது. நடைபாதையில் குடைகளோ மனிதர்களோ, பெரிய பூக்களாக விலகி வழிவிட்டன. இடது காலை இழுத்து இழுத்து வைத்தேன். ஆச்சரியம் என்னவென்றால் எனக்குப் பயமாக இல்லை. பெட்டியின் அடியில் விரல்களை நன்றாகக் கோத்துக்கொண்டேன். அப்போது நாகஸ்வரம் கேட்டது. அந்த ஒலி ஒன்றுதான் அந்தத் தெருவில் விளிம்பு கலையாமல் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். ஒலி பெரிதாகப் பெரிதாகக் காலடியில் கோயில் வாசலின் நிழல் விழுந்தது.

"பூக்கடையா? வாங்க வாங்க! அப்பா அங்க டென்ஷன்ல இருக்காரு!"

ஓர் இளம்பெண்ணின் குரல். பச்சைப் பட்டு என்று மட்டும் தெரிந்தது.

"பெட்டிய நீங்க வாங்கிக்குங்கம்மா. எனக்குக் கண்ணு சரியா தெரியல. எங்கயாவது உக்காரவைங்க."

பெட்டி கையைவிட்டுப் போனது. செருப்பை யாரோ கழற்றிவிட்டார்கள். ஒரு தூணருகே, பெரிய காற்றாடிக்கு எதிரே உட்காரவைத்தார்கள். குளிர்ந்த தண்ணீர் வந்தது. எனக்கெதிரே எங்கோ கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. தங்கநிறமும் சிவப்பும் புகையும் கலந்த ஒரு பெரிய வெளிச்சம். அதில் யார் பெண், யார் மாப்பிள்ளை, எதுவும் தெரியவில்லை. ஆனால் இரண்டு வெள்ளைகள் எழுந்தன. ஒன்றையொன்று நெருங்கின, இடம் மாறின, மறுபடி மாறின. அவற்றை எனக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில் எனக்குத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். கெட்டிமேளம் முழங்கியபோது யார் எவர் என்று தெரியாத அந்த இருவருக்காக நான் அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் வயதான ஓர் அம்மா பக்கத்தில் வந்து குனிந்தார். மணப்பெண்ணின் தாய் என்று பிறகு தெரிந்தது.

"மாலை அப்படியே இப்பதான் கட்டின மாதிரி இருந்துச்சும்மா. இந்தாங்க, இது பெட்டிக்குள்ள இருந்துச்சு." என் மடியில் சட்டையை வைத்தார். "இது என்னா, மாலைக்குப் போடற சட்டையா?"

"எனக்குப் போடற சட்டைங்க," என்றேன்.

பொட்டலங்களில் இன்னும் பாதி உறைந்தே இருந்தது. அங்கேயே, எல்லோர் முன்னாலும் சுடிதாருக்கு மேலே மாட்டிக்கொண்டேன். நிறங்கள் ஒவ்வொன்றாகத் தத்தம் இடத்துக்குத் திரும்பின. மணப்பெண் தெரிந்தாள். கழுத்துவரை மாலை. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, அரிக்கும் மூக்கை அந்த மல்லிகையிலேயே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கணவரிடமிருந்து அழைப்பு வந்தது. "எங்க இருக்க?"

"கல்யாணத்துல."

"யாரு கல்யாணம்?"

"தெரியலங்க."

அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு வந்து சேர்ந்தார். வந்தவரைச் சாப்பிடாமல் விடமாட்டோம் என்று பந்தியில் உட்காரவைத்துவிட்டார்கள். வேலைக்குப் போடும் சட்டையோடு, யாரென்றே தெரியாதவர்கள் நடுவே அமர்ந்து இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கினார். வீடு திரும்பும்வரை அவர் என்னைத் திட்டவில்லை. லிஃப்டில் மட்டும், "இனிமே சொல்லிட்டுப் போ," என்றார்.

நோய் நின்றுவிடவில்லை. சென்ற ஆண்டு இடது கால் இன்னும் கொஞ்சம் பலவீனமானது, இப்போது கைத்தடி உண்டு. பொட்டலங்களில் இன்னொரு செட் வாங்கினோம், அது பூக்கடை ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது. காலை நேரங்களில் கடையில் அக்காவுடன் உட்காருகிறேன். கல்யாண மாலை கட்டும் அளவுக்கு எனக்குக் கைவரவில்லை, தலையில் வைக்கும் சரம்வரை வரும்.

போன மாதம் ஒரு மத்தியானம், வெயில் தாங்க முடியவில்லை. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. அக்கா திடீரென்று நூலைக் கீழே வைத்தார்.

"இவ்ளோ நாளா பாக்கறேன். ஒரு தடவ நான் போட்டுப் பாக்கட்டா?"

ஃபிரிட்ஜிலிருந்து புதிய பொட்டலங்களை எடுத்துச் செருகி, அவர் புடவைக்கு மேலே சட்டையை மாட்டிவிட்டேன். முதலில், "அய்யோ!" என்று துள்ளினார். பிறகு கடையைவிட்டு இறங்கி, நேராக வெயிலுக்குப் போய் நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். கண்களை மூடிக்கொண்டார். ஒரு லாரி அவரைச் சுற்றிக்கொண்டு மெதுவாகப் போனது.

"எப்படி இருக்குக்கா?"

அவர் கைகளை உடம்பிலிருந்து சற்று விலக்கி, உள்ளங்கைகளை வெயிலுக்குக் காட்டியபடி நின்றார்.

"இரு லா," என்றார் கடைசியில். "இன்னும் கொஞ்ச நேரம்."